பிளைட்டி: ஓர் ஆங்கிலக் கொச்சைச் சொல்லின் பூர்வீகம்

கேள்வி இதுதான்: பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் நாட்டைப் பிரியமாக ‘பிளைட்டி’ என்கிறார்களே, அது பயிரில் விழும் நோயைக் குறிக்கும் ‘பிளைட்’ என்ற சொல்லிலிருந்து வந்ததா? எப்போதும் மழையும் மூட்டமுமாக இருக்கும் ஊர் என்று சலித்துக்கொண்டு வைத்த பெயரா?

இரண்டும் இல்லை. பிளைட்டுக்கும் இதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. இது நம் பக்கத்திலிருந்து போன சொல். உருது, இந்தி பேசுகிறவர்கள் ‘விலாயத்தி’ என்பார்கள், பீகார், வங்காளம் பக்கம் அது ‘பிலாயத்தி’, ‘பிலைத்தி’ ஆகும், அதை வெள்ளைக்காரச் சிப்பாய் காதில் வாங்கித் தன் நாக்குக்கு வளைத்தபோது ‘பிளைட்டி’ ஆனது. ஆங்கிலக் கொச்சைச் சொற்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் தேடினால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இதற்கு அப்படி இல்லை, அகராதிக்காரர்கள் எல்லாரும் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் ‘உருதுவிலிருந்து வந்தது’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் இதில் இருக்கும் நல்ல விஷயம் முழுக்கப் போய்விடும். ஒரு நாட்டுக்காரர்கள் தங்கள் சொந்த நாட்டை ஏக்கத்தோடு கூப்பிட, அந்த நாட்டை ஒருமுறைகூடப் பார்க்காத அந்நியர்கள் வைத்த பெயரை எடுத்துக்கொண்டார்கள் என்பது சாதாரண விஷயம் இல்லை. அது எப்படி நடந்தது என்பதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் வேர். அரபு மொழியில் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளைச் சுற்றிக் கட்டப்பட்டவை. இங்கே அந்த மூன்றும் வ, ல, ய. இந்த வேரின் அடிப்படைப் பொருள் அருகில் இருப்பது, ஒட்டி இருப்பது. அருகில் இருப்பவன்தான் பார்த்துக்கொள்பவன், பாதுகாப்பவன், பொறுப்பாளன் என்று பொருள் விரிந்தது. ‘வாலி’ என்றால் ஆளுநர். ‘வலி’ என்றால் இறைவனுக்கு நெருக்கமானவர், இறைநேசர். தமிழ் முஸ்லிம்கள் வலிமார்கள், வலியுல்லாஹ் என்று இன்றும் சொல்கிறார்களே, அதே சொல்தான். தலைவன், காப்பவன் என்று பொருள்படும் ‘மௌலா’வும் இதே வேர், அதிலிருந்து மௌலவி, மௌலானா, பாரசீகம் வழியாக முல்லா. ஆக லண்டன் மதுக்கடையில் ஒருவர் ‘டியர் ஓல்டு பிளைட்டி’ என்று பாடும்போது, காயல்பட்டினத்து மௌலவிக்கும் அந்தப் பாட்டுக்கும் நடுவே ஒரு தூரத்துச் சொந்தம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வேரிலிருந்து வந்த ‘விலாயத்’ முதலில் பொறுப்பு, அதிகாரம் என்ற பொருளில் இருந்து, அப்புறம் அதிகாரம் செல்லுபடியாகும் நிலப்பகுதி, அதாவது மாகாணம் ஆனது. அந்தப் பொருளில் அது இன்னும் உலகம் முழுக்க உயிரோடு இருக்கிறது. உதுமானியப் பேரரசு 1864-இல் கொண்டுவந்த நிர்வாகச் சீர்திருத்தத்தில் மாகாணங்களுக்கு ‘விலாயெத்’ என்று பெயர். ஆப்கானிஸ்தானிலும் அல்ஜீரியாவிலும் மாகாணத்தைக் குறிப்பது இந்தச் சொல்தான், உஸ்பெகிஸ்தானில் ‘விலோயத்’. மலேசியத் தமிழர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்: 1974 முதல் கோலாலம்பூர் ஒரு ‘விலாயா பெர்செக்குத்துவான்’, கூட்டரசுப் பிரதேசம். அதிகாரம் என்ற பழைய பொருளும் போய்விடவில்லை. 1979 புரட்சிக்குப் பின் ஈரானின் அரசியலமைப்பில் உட்கார்ந்திருக்கும் ‘விலாயத்தே ஃபகீஹ்’, அதாவது மார்க்க அறிஞரின் காப்பாட்சி என்ற கொள்கையில் இருப்பது அதே விலாயத்.

சரி, மாகாணம் என்ற சொல் எப்படி இங்கிலாந்து ஆனது? இங்கேதான் இந்தியா வருகிறது.

முகலாயர் காலத்தில் இந்தியாவில் இருந்த ஆளும் வர்க்கத்தில் ஒரு பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தவர்கள். ஈரான், துரான் என்று அவர்கள் சொன்ன நடு ஆசியா, ஆப்கானிஸ்தான் எனப் பல இடங்களிலிருந்து வேலை தேடி வந்த படைத்தலைவர்கள், கணக்கர்கள், கவிஞர்கள். அவர்களுக்கு ‘விலாயத்’ என்றால் விட்டுவந்த நாடு. நம் ஊரில் ‘நாட்டுக்குப் போறேன்’ என்று வெளியூரில் இருப்பவர் சொன்னால் எந்த நாடு என்று யாரும் கேட்பதில்லை அல்லவா, அதுபோல. அங்கே பிறந்து வந்தவர், இங்கே இந்துஸ்தானத்தில் பிறந்தவர் என்று தர்பாரில் பிரித்துப் பார்க்கும் வழக்கமும் இருந்தது, விலாயத்திலிருந்து நேராக வந்தவருக்கு மதிப்பு கூடுதல். ஆப்கானியர்கள் தங்கள் நாட்டை விலாயத் என்றே சொல்லிவந்தார்கள். 1857 எழுச்சி பற்றிய ஆங்கிலேயக் குறிப்புகளில் ‘விலாயத்தி’ என்று வருகிறவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல, ஜான்சி ராணியின் பக்கம் நின்று போரிட்ட ஆப்கானிய வீரர்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் படித்தால் ஐரோப்பியர்கள் ஏன் ராணிக்காகச் சண்டை போட்டார்கள் என்று குழம்பிப்போக வேண்டியதுதான்.

இதற்கிடையே 18-ஆம் நூற்றாண்டில் கடல் வழியாக வந்தவர்கள் அதிகாரத்தைப் பிடித்துவிட்டார்கள். ‘தூரத்தில் இருக்கும் அந்த நாடு, ஆளுகிறவர்கள் வந்த நாடு’ என்ற இடம் அப்படியே இருந்தது, அந்த இடத்தில் உட்கார்ந்திருந்த நாடு மட்டும் மாறியது. ஈரானும் துரானும் எழுந்துகொள்ள, ஐரோப்பா உட்கார்ந்தது, அதிலும் குறிப்பாக இங்கிலாந்து. இதற்கு ஒரு அருமையான சாட்சி இருக்கிறது. வங்காளத்தைச் சேர்ந்த மிர்சா ஷேக் இத்திசாமுத்தீன் என்பவர் 1760-களில், முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு எழுதிய கடிதத்தோடு அனுப்பப்பட்ட குழுவில் இங்கிலாந்து போய் வந்தார். கடிதத்தை ராபர்ட் கிளைவ் கொடுக்கவிடாமல் தடுத்துவிட்டார், தூது வீணாய்ப் போனது. ஆனால் மனிதர் பார்த்ததையெல்லாம் 1780-களில் பாரசீகத்தில் எழுதிவைத்தார். அந்த நூலுக்கு அவர் வைத்த பெயர் ‘ஷிகர்ஃப்நாமா-இ-விலாயத்’, விலாயத்தின் அதிசயங்கள் என்று சொல்லலாம். பிளைட்டியின் நேர் மூதாதையைத் தலைப்பிலேயே வைத்த நூல் அது, முதல் உலகப்போருக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தையது.

இப்போது பெயர்ச்சொல்லிலிருந்து பெயரடைக்கு வருவோம், ஏனென்றால் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டது அதைத்தான். விலாயத் என்றால் அந்த நாடு, விலாயத்தி என்றால் அந்த நாட்டு. கப்பலில் வந்த எந்தப் பொருளுக்கும் முன்னால் இதை ஒட்டிவிட்டார்கள். தக்காளிக்கு பிலாயத்தி பைங்கன், அதாவது சீமைக் கத்தரிக்காய். சோடாவுக்கு பிலாயத்தி பானி. இவை இரண்டையும் 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற புகழ்பெற்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி பதிவு செய்திருக்கிறது. (அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான ஏ. சி. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தஞ்சை அரண்மனையின் சம்ஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர்; நூல் வெளியாகும் முன்பே 1882-இல் இறந்துவிட்டார்.) சோடாவைப் பற்றி அதில் ஒரு நல்ல மேற்கோள் உண்டு. வெள்ளைக்காரர்கள் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி முணுமுணுக்காமல் வேலைக்குப் போகிறார்களே என்று ஒரு துரை பெருமை பேச, நீங்கள் அந்தச் சீமைத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள், அந்தப் பலத்தில் எல்லாக் களைப்பையும் தாங்கிக்கொள்கிறீர்கள் என்று வேலையாள் பதில் சொல்கிறார். தக்கையைத் தூக்கி எறிகிற சக்தி குடிப்பவனுக்கும் வரும் என்பது அவர் கணக்கு.

மேலே நான் ‘சீமைக் கத்தரிக்காய்’, ‘சீமைத் தண்ணீர்’ என்று எழுதியது வேண்டுமென்றேதான். தமிழ் தானாகவே இதே பாதையில் நடந்திருக்கிறது. சீமை என்றால் எல்லை, அப்புறம் எல்லைக்குட்பட்ட நிலம்: ராமநாதபுரம் சீமை, சிவகங்கைச் சீமை. அதிலிருந்து ‘அந்தச் சீமை’, கடலுக்கு அப்பால் இருக்கும் துரைமார் சீமை. உடனே பொருள்கள் வரிசையாக வந்து ஒட்டிக்கொண்டன: சீமை எண்ணெய், சீமைச் சுண்ணாம்பு, சீமைச் சாராயம், சீமை ஓடு, சீமைப் பசு. தெலுங்கில் ராயலசீமையும் உண்டு, அதே நேரம் கொடுக்காப்புளிக்கு ‘சீம சிந்த’ என்றும் பெயர் உண்டு, சீமைப் புளி. இந்தியில் அதே மரத்துக்கு ‘விலாயத்தி இம்லி’. இன்னொரு மரம், நம் ஊரையெல்லாம் வளைத்துப்போட்ட சீமைக் கருவேலம், டெல்லிக்காரர்களுக்கு ‘விலாயத்தி கீகர்’. அது இங்கிலாந்து மரமே இல்லை, அமெரிக்கக் கண்டத்து மரம். ஆனால் சீமை என்றாலும் விலாயத் என்றாலும் அதற்குள் துல்லியமான நிலப்படம் கிடையாது, ‘கப்பலேறி வந்தது’ என்பதுதான் பொருள். வட்டாரத்தைக் குறித்த ஒரு சாதாரணச் சொல், ஆட்சி மாறியதும் வெளிநாட்டைக் குறிக்கும் சொல்லாகிறது. இரண்டு வெவ்வேறு மொழிக் குடும்பங்களின் வழக்கில், இரண்டு வெவ்வேறு வேர்களிலிருந்து, ஒரே மாற்றம். வடக்கே நிறுத்தப்பட்டிருந்த பிரிட்டிஷ் படைகள் தெற்கே இருந்து, பேச்சுமொழி தமிழாக இருந்திருந்தால், லண்டன்காரர்கள் இன்று தங்கள் நாட்டை ‘சீமி’ என்றோ ‘ஷிம்மி’ என்றோ அழைத்துக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

ஒலி எப்படி மாறியது என்பதையும் பார்த்துவிடலாம், இது சிக்கலே இல்லை. வட இந்தியாவின் கிழக்குப் பகுதிகளில் வ எல்லாம் ப ஆகும், குரல் எழுப்பும் ப, அதாவது ஆங்கில b ஒலி. விஹார் என்பதுதான் பீஹார் ஆனது, விவேகானந்தரை வங்காளிகள் பிபேகானந்தோ என்பார்கள். அதனால் விலாயத்தி பிலாயத்தி ஆனது. வங்காளிகள் இன்னும் சுருக்கி பிலேத் என்கிறார்கள், லண்டன் போய்ப் படித்துத் திரும்பியவர் ‘பிலேத் ஃபெரத்’. ‘லாய’ என்பது வேகப் பேச்சில் ‘லை’ ஆகிவிடும், பிலைத்தி. இதை ஆங்கிலேயன் சொல்லும்போது அழுத்தம் ‘லை’ மேல் விழும், அழுத்தம் இல்லாத முதல் உயிரெழுத்து கரைந்துவிடும், போலீஸை அவர்கள் ‘ப்லீஸ்’ என்று சொல்வதுபோல. அவ்வளவுதான், ப்லைட்டி. எழுதும்போது ‘மைட்டி’ போன்ற சொற்களின் எழுத்துக்கூட்டலைக் கடன் வாங்கிக்கொண்டார்கள், அதனால் பார்ப்பதற்கு அசல் ஆங்கிலச் சொல்லாகத் தெரிகிறது. பிளைட்டோடு முடிச்சுப் போடத் தோன்றுவதும் இந்த எழுத்துக்கூட்டலால்தான். மோசமான ஆளைத் திட்டும் ‘பிளைட்டர்’ என்ற சொல் உண்மையிலேயே பிளைட்டிலிருந்து வந்தது, அது வேறு குடும்பம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் உறவு என்று நினைத்துவிட வேண்டாம்.

இனி முக்கியமான இடம்: யார் எடுத்துக்கொண்டார்கள்?

அதிகாரிகள் இல்லை. கலெக்டர், நீதிபதி, படை அதிகாரிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள், இவர்களெல்லாம் இங்கிலாந்தை ‘ஹோம்’ என்றார்கள். 1837-இல் சென்னையிலிருந்து எழுதப்பட்ட ஒரு கடிதத்தை ஹாப்சன்-ஜாப்சன் எடுத்துக்காட்டுகிறது: ஹோம் என்றால் இங்கிலாந்து மட்டும்தான், இந்தியாவில் முப்பது ஆண்டு இருந்து இனி திரும்பவே போகாதவர்கள்கூட இந்தியாவை ஹோம் என்று சொல்வதில்லை என்று அதை எழுதிய பெண்மணி சொல்கிறார். அதே அகராதியில் ‘பிலாயத்’ என்ற சொல்லும் இருக்கிறது, ஆனால் இந்தியர்கள் சொல்கிற சொல்லாக. பிளைட்டி என்ற வடிவத்துக்கு அங்கே தனி இடம் இல்லை.

பிளைட்டி என்று சொன்னவர்கள் சாதாரணச் சிப்பாய்கள். லங்காஷயர், வேல்ஸ், லண்டன் கிழக்குப் பகுதி என்று ஏழைக் குடும்பங்களிலிருந்து சேர்ந்த பையன்கள். பிரிட்டிஷ் படையில் அப்போதைய ஏற்பாட்டின்படி ஒரு ரெஜிமெண்டின் ஒரு படைப்பிரிவு உள்நாட்டில் இருந்தால் இன்னொன்று வெளிநாட்டில் இருக்கும், வெளிநாடு என்றால் பெரும்பாலும் இந்தியா. பல ஆண்டுகள் கன்டோன்மெண்ட்டில், வெயிலில், காய்ச்சலில் கிடந்தார்கள். அவர்களுக்கு முறையாக மொழி சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. தேநீர் கொண்டுவரும் ஆள், துணி துவைக்கும் ஆள், முடிவெட்டும் ஆள், பஜார், இவர்கள் வாயிலிருந்து கேட்டதுதான் மொழி. அப்படி அவர்கள் பொறுக்கிய சொற்களின் பட்டியல் நீளம்: தேநீருக்கு ‘சார்’, ஒரு பார்வை பார்ப்பதற்கு ‘டெக்கோ’, சுகமான வேலைக்கு ‘குஷி’, ரொட்டிக்கு ‘ரூட்டி’, துப்பாக்கிக்கு ‘பண்டூக்’, சும்மா கிடைத்ததற்கு ‘பக்‌ஷீ’, சீக்கிரம் என்பதற்கு ‘ஜில்டி’. இந்தப் பட்டியலில் பிளைட்டியும் ஒன்று. உங்கள் நாட்டு என்று வேலையாள் சொன்ன ‘பிலைத்தி’யை அவர்கள் நாட்டின் பெயராகவே எடுத்துக்கொண்டார்கள். அடையைப் பெயராக எடுத்தது இலக்கணப்படி தப்பு. ஆனால் பஜாரில் பிலாயத் என்ற பெயர்ச்சொல்லைவிட பிலாயத்தி சரக்கு, பிலாயத்தி பானி என்ற அடைதான் அதிகம் காதில் விழுந்திருக்கும், அதனால் இது இயல்பாக நடக்கக்கூடியதே.

இப்படிப் பாளையங்களுக்குள்ளேயே புழங்கிக்கொண்டிருந்த சொல், 1914 ஆகஸ்டுக்குப் பிறகு ஏன் வெடித்துப் பரவியது என்று கேட்டால், அதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. போர் தொடங்கியதும் பிரான்சுக்குப் போன முதல் படையின் காலாட்பிரிவுகளில் பாதிக்கு மேல் ரிசர்வ் ஆட்கள், அதாவது ஏற்கெனவே சேவை முடித்து வீட்டுக்குப் போய், திரும்ப அழைக்கப்பட்டவர்கள். அவர்களில் ஏராளமானவர்கள் இந்தியாவில் இருந்தவர்கள். ஃபிராங்க் ரிச்சர்ட்ஸ் என்ற வேல்ஸ் சுரங்கத் தொழிலாளி ஓர் உதாரணம்: இந்தியாவிலும் பர்மாவிலும் சிப்பாயாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், 1914-இல் திரும்ப அழைக்கப்பட்டு, போர் முடியும்வரை முன்னணியிலேயே இருந்து உயிரோடு மீண்டு, 1930-களில் இரண்டு நினைவுநூல்கள் எழுதினார். அவர் நடையில் இந்துஸ்தானிச் சொற்கள் தண்ணீர்போல ஓடும். அடுத்து, இந்தியாவிலும் மற்ற காலனிகளிலும் இருந்த நிரந்தரப் படைப்பிரிவுகளைத் திரும்ப வரவழைத்து 27, 28, 29-ஆம் டிவிஷன்களை உருவாக்கினார்கள், அவர்கள் விட்ட இடத்தை நிரப்ப உள்நாட்டுத் தன்னார்வப் படைகளை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். மூன்றாவதாக, 1914 செப்டம்பர் கடைசியில் இந்தியப் படையே மார்செய் துறைமுகத்தில் வந்து இறங்கியது, பிரிட்டிஷ் சிப்பாய்க்கும் இந்தியச் சிப்பாய்க்கும் ஒரே சேறு, ஒரே பதுங்குகுழி.

அப்புறம் லட்சக்கணக்கில் புதுப் பையன்கள் வந்து சேர்ந்தார்கள். நேற்றுவரை கடையிலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்குச் சிப்பாய் வாழ்க்கையைக் கற்றுக்கொடுத்தவர்கள் பழைய இந்தியாக்காரர்கள்தான். பழைய சிப்பாய் மாதிரிப் பேசுவது புதியவனுக்கு ஒரு கௌரவம். பம்பாயைக் கண்ணால் பார்க்காதவன்கூட சார் குடித்தான், டெக்கோ பார்த்தான், பிளைட்டியை நினைத்தான். அதே போர் நமக்கும் ஒரு சொல் கொடுத்தது, 1914 செப்டம்பர் 22 அன்று சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பலின் பெயர் நம் பேச்சில் ‘எம்டன்’ ஆகி, கில்லாடி ஆளைக் குறிக்க இன்றும் நிற்கிறது.

பிளைட்டி இந்தப் போரில் பெற்ற பொருள்களில் மிகவும் கனமானது ‘ஒரு பிளைட்டி’ என்பது. அது ஒரு காயம். உயிரைப் பறிக்காத, ஆனால் களத்திலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பியே ஆகவேண்டிய காயம். அடிபட்டவன் முதலில் முன்னணிக்கு நெருக்கமான முதலுதவி இடத்துக்குப் போவான், பிறகு கட்டுப்போடும் நிலையம், பிறகு அறுவை சிகிச்சை நடக்கும் முகாம், அங்கிருந்து ரயிலில் ருவான், எத்தாப்ல், புலோன் போன்ற ஊர்களின் பெரிய மருத்துவமனைகள். இந்த வரிசையில் ஒவ்வொரு கட்டத்திலும் டாக்டர் முடிவு செய்வார், இங்கேயே தேற்றித் திருப்பி அனுப்பலாமா, கப்பலில் ஏற்ற வேண்டுமா என்று. சட்டையில் கட்டும் சீட்டில் இங்கிலாந்து என்று எழுதிவிட்டால் அவனுக்குப் பிளைட்டி கிடைத்தாயிற்று. கையில் பாய்ந்து வெளியேறிய தோட்டா, காலில் உடைந்த எலும்பு, இதற்காக நண்பர்கள் ‘அதிர்ஷ்டக்காரன்’ என்று வாழ்த்தினார்கள். இருபது வயதுப் பையன் ஒருவன் தன் எலும்பு உடைந்ததற்காகச் சந்தோஷப்பட வேண்டிய நிலையில் இருந்தான் என்பதை நின்று யோசித்துப் பாருங்கள். காயம் தானாக வராவிட்டால் தானே உண்டாக்கிக்கொண்டவர்களும் இருந்தார்கள், அது இராணுவக் குற்றம், போர்க்காலத்தில் ஏறத்தாழ 3,900 பிரிட்டிஷ் சிப்பாய்கள் அதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். போர்முனையில் இருந்த ஆங்கிலக் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவனின் போர்க் கவிதைகளில் இந்தச் சொல் வருகிறது, செல்லமான பெயராக இல்லாமல், மனம் உடைந்துபோன ஒரு சிப்பாயைப் பற்றிப் பேசும் இடத்தில். அவர் 1918 நவம்பர் 4-ஆம் தேதி, போர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது கொல்லப்பட்டார்.

இலக்கணக் கண்ணோடு பார்த்தால் இதில் ஓர் அழகு இருக்கிறது. அடையாக இருந்த விலாயத்தியைத் தவறாகப் பெயராக்கினார்கள் என்று சொன்னேன் அல்லவா, பிளைட்டிக் காயம், பிளைட்டி டிக்கெட் என்று சொல்லும்போது அது தன் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ‘சீமைக்குப் போகும் காயம்’ என்பதுதான் அதன் பொருள், உருதுக்காரர் ஒருவர் கேட்டால் இலக்கணம் சரி என்று தலையாட்டுவார்.

ஊரில் இருந்தவர்களுக்கு இந்தச் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பாட்டு. ‘டேக் மீ பேக் டு டியர் ஓல்டு பிளைட்டி’ என்ற மேடைப் பாட்டு 1916-இல் வந்து நாடு முழுக்க ஒலித்தது. அதே ஆண்டு ‘பிளைட்டி’ என்ற பெயரில் சிப்பாய்களுக்கான பத்திரிகை ஒன்றும் தொடங்கியது. அதற்குள் இது இந்தியச் சொல் என்பதே பெரும்பாலானவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

மறக்காதவர்கள் இருந்தார்கள். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் அரச மாளிகையையே இந்தியச் சிப்பாய்களுக்கான மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள், 1914 டிசம்பரிலிருந்து 1916 தொடக்கம்வரை. அங்கே காயத்தோடு படுத்திருந்த பஞ்சாபிச் சிப்பாய்க்கு அந்த இடம்தான் விலாயத், தூர தேசம், அந்நிய மண். பக்கத்து ஊர் மருத்துவமனையில் படுத்திருந்த ஆங்கிலேயச் சிப்பாய்க்கு அதே மண், அதே சொல், வீடு. ஒரே சொல்லுக்கு இதைவிட எதிரெதிரான இரண்டு பொருள்கள் இருக்க முடியுமா என்று தெரியவில்லை. இந்தியாவுக்குள்ளும் அது வேறு சூட்டில் இருந்தது. 1905-இல் வங்காளப் பிரிவினைக்கு எதிராகச் சுதேசி இயக்கம் கிளம்பியபோது ‘பிலாதி’ துணி என்பது தெருவில் குவித்துக் கொளுத்த வேண்டிய பொருள். பத்தே ஆண்டுக்குள் பிரான்சின் சேற்றில் அதன் உடன்பிறப்பு, மனிதர்கள் கண்ணீரோடு உச்சரித்த சொல்லாக இருந்தது.

நான் இதில் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். விலாயத் இந்தியாவுக்குள் நுழைந்தபோதே ஊரைவிட்டு வந்தவர்களின் சொல்லாகத்தான் நுழைந்தது. ஈரானியக் கவிஞனும் ஆப்கானியக் குதிரைவீரனும் டெல்லியிலும் லக்னோவிலும் உட்கார்ந்து தங்கள் ஊரை நினைத்த சொல். நடுவில் அது கப்பல் சரக்கின் முத்திரையாக, ஆளுகிறவர்களின் நாடாக மாறியது. கடைசியில் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளி ஒருவனின் வாயில் மறுபடியும் ஊர் ஏக்கச் சொல்லானது. அவனுக்கு இந்தப் பழைய கதை எதுவும் தெரியாது. ஆனாலும் தாய்மொழியில் ‘ஹோம்’ என்ற சொல் கையிலேயே இருந்தபோது அவன் இதைத் தேர்ந்தெடுத்தான். ஹோம் அதிகாரிகளின் சொல் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்று, வீட்டில் இருக்கும்போது வீட்டுக்குத் தனிப் பெயர் தேவைப்படுவதில்லை, கடல் தாண்டிப் போய் அங்கிருந்து திரும்பிப் பார்க்கும்போதுதான் தேவைப்படுகிறது, அங்கே இருந்தவர்களிடம் அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது.

இந்தச் சொல்லின் இன்னொரு கிளை ஆப்பிரிக்காவுக்குப் போனது. சுவாஹிலியில் ஐரோப்பாவுக்கு ‘உலாயா’ என்று பெயர், அதே அரபுச் சொல்தான் மூலம். வேடிக்கை என்னவென்றால் தான்சானியாவில் மாவட்டத்துக்கும் ‘விலாயா’ என்றே பெயர், ஒரே மொழிக்குள் ஒரே சொல் இரண்டு முறை நுழைந்து, ஒன்று பக்கத்து ஊரையும் இன்னொன்று தூரத்துக் கண்டத்தையும் குறிக்கிறது.

இன்றைய வழக்கு பற்றி: இரண்டாம் உலகப்போரிலும் சிப்பாய்கள் இதைச் சொன்னார்கள், ஆனால் முதல் போரின் சூடு அப்போது இல்லை. பிரிட்டனில் 2009-இலிருந்து 2013வரை ‘பிளைட்டி’ என்ற பெயரில் ஒரு தொலைக்காட்சி அலைவரிசை நடந்தது. இப்போது அங்கேயே குடியிருப்பவர்கள் அன்றாடப் பேச்சில் அதிகம் சொல்வதில்லை, சொன்னால் பழைய காலத்துத் தொனி வந்துவிடும். ஆஸ்திரேலியாவுக்கோ ஸ்பெயினுக்கோ குடிபோன பிரிட்டிஷ்காரர்கள்தான் ‘அடுத்த மாதம் பிளைட்டிக்குப் போகிறேன்’ என்று இயல்பாகச் சொல்கிறார்கள்.